இரவல் வாங்கிய நம்பிக்கை

ஹட்டனில் சனிக்கிழமைகளில் நான் நடத்தும் விளம்பர வகுப்பைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். உயர்தரத்தில் ஊடகக் கற்கை படிக்கிற பிள்ளைகளோடு கடை வைத்திருப்பவர்களும் தோட்டத்து இளைஞர்களும் வந்து உட்காருகிற வகுப்பு அது. அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன். கடைசிக் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. அதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

மாணவி, கொட்டகலை: மிஸ், விளம்பரத்துக்குக் கவனம், ஆர்வம், விருப்பம், செயல் என்று நான்கு படி இருப்பதாக எங்கள் நோட்டில் இருக்கிறது. சோதனைக்கு இதை எழுதினால் போதுமா? உண்மையிலும் இப்படித்தான் நடக்கிறதா?

சோதனைக்குப் போதும், மகள். தயங்காமல் எழுதுங்கள். எலியாஸ் சென்ட் எல்மோ லூயிஸ் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சொல்லிக்கொடுத்ததிலிருந்து வளர்ந்த வரிசை அது. முதலில் கண்ணை இழு, பிறகு ஆளை நிறுத்திவை, ஆசையை மூட்டு, வாங்க வை.

ஆனால் ஒருவர் ஏன் அந்த முதல் படியில் கால் வைக்கிறார்? அதற்கு இந்த வரிசையில் பதில் இல்லை. 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டோட்டில் அதை யோசித்திருக்கிறார். பேச்சு மூன்று வழிகளில் ஆளை இணங்க வைக்கும் என்றார்: பேசுகிறவர் எப்படிப்பட்டவர், கேட்கிறவரின் மனம் அப்போது எப்படி இருக்கிறது, சொன்னதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது. இந்த மூன்றில் பேசுகிறவர் மேல் பிறக்கும் நம்பிக்கைக்கு அவர் மிகப் பெரிய இடம் கொடுத்தார்.

அதை நான் புரிந்துகொண்டது ஹட்டன் பஸ் நிலையத்தில்தான். மஸ்கெலியா பஸ் புறப்படக் காத்திருக்கும்போது மூட்டுவலித் தைலம் விற்கிற ஒருவர் ஏறினார். தோளில் பை, பைக்குள் போத்தல்கள். உடனே போத்தலை எடுக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, "நானும் தோட்டத்துப் பிள்ளைதான். எங்கம்மா முப்பது வருசம் கொழுந்து பறிச்சவங்க. கூடை தூக்கித் தூக்கி அவங்க இடுப்பு எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றார். எனக்கு முன்னால் இருந்த அம்மாவின் கை தானாகவே இடுப்புக்குப் போனது. அப்போது போத்தல் இன்னும் பைக்குள்தான் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை. இருந்தும் ஐந்து போத்தல் போனது.

அவர் அந்த அம்மாவின் நம்பிக்கையைத் தைலத்தால் சம்பாதிக்கவில்லை. "நம்ம ஆளு" என்ற உறவிலிருந்து அதை இரவல் வாங்கினார். விளம்பரம் ஒன்றைப் பார்த்தால் இதைத்தான் முதலில் தேடச் சொல்வேன்: இதில் இருக்கிற நம்பிக்கை யாருடையது? எங்கிருந்து எடுத்தது?

வாசகர், மஸ்கெலியா: விளம்பரக் கலை கொழும்புக்காரருக்கும் வெளிநாட்டாருக்கும் உரியது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதை ஏன் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

ஐயா, நாம் இந்த மலைக்கு வந்ததே ஒரு விளம்பரத்தை நம்பித்தான். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடக்கும் என்று சொல்லி அழைத்து வந்த கதையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை நம்மிடம் உண்டா? அதில் என் அம்மாயி அழுத்திச் சொல்கிற இடம் வேறு. "ஆச காட்டுனது வெள்ளக்காரத் துரை இல்ல சாமி. பக்கத்துத் தெருக்காரன்."

ஊர்க்காரரான கங்காணியை அனுப்பித் தோட்டத்துக்கு ஆள் திரட்டிய கங்காணி முறையின் சூட்சுமம் இதுதான். திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்துக் கிராமங்களுக்குத் தோட்டத் துரை போய் நின்றிருந்தால் எத்தனை பேர் கிளம்பியிருப்பார்கள்? போனது ஊரும் உறவும் தெரிந்தவர். தலைப்பாகையும் கோட்டும் குடையுமாகத் திரும்பி வந்து நின்ற அந்த உருவமே ஒரு விளம்பரம். அந்த விளம்பரம் சொல்லாமல் விட்டதும் உண்டு. வழிச்செலவும் முன்பணமும் நம்பி வந்தவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்டன. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கட்டினால் ஆளை விடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு நிறுத்தியது 1921இல்தான்.

"கேப்பையில் நெய் வடியுதுன்னா கேப்பாருக்குப் புத்தி எங்கே போச்சு" என்று ஒரு பழமொழி சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பஞ்சத்தில் வாடுகிற வீட்டுக்கு வந்து சொந்தக்காரர் ஒருவர் சொன்னால் யாரும் நம்புவார்கள். பழியைக் கேட்டவர் தலையில் போடுகிற பழக்கத்தை விட வேண்டும் என்பதற்காகவும்தான் இந்த வகுப்பு. நம் முன்னோர் வந்த வழியை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களோடு கடைசிக் கொஞ்சத் தூரம் நானும் நடந்தேன். அந்த வழியெல்லாம் இதுவே என் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

வாசகி, பண்டாரவளை: நானும் தங்கையும் வீட்டுத் தோட்டத்துக் கொழுந்தைக் கையால் உருட்டித் தேயிலை செய்கிறோம். பைக்கற்றில் "உலகின் தலைசிறந்த தேயிலை" என்று போட்டு, சிங்க முத்திரையும் அச்சடிக்கலாமா?

நீங்களாகவே சிங்க முத்திரையை அச்சடிக்க முடியாது. அது இலங்கைத் தேயிலைச் சபையின் முத்திரை. முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இங்கேயே பொதி செய்து, தரத்திலும் தேறிய பைக்கற்றுக்குத்தான் அனுமதி கிடைக்கும். விற்பனைக்கு வேண்டிய பதிவுகளையும் அச்சகத்துக்குப் போகும் முன் சபையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

"உலகின் தலைசிறந்த" என்பதை விட்டுவிடுங்கள், தங்கச்சி. யாரும் எதன் மேலும் அச்சடிக்கக்கூடிய வரி அது. அதைப் படிக்கிறவர் கண்ணில் எதுவும் தெரியாது. உங்களிடம் வேறு யாரிடமும் இல்லாத சங்கதி இருக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாப் பக்கம் அடிக்கிற காய்ந்த காற்றில்தான் அந்தத் தேயிலைக்குப் பேர்போன வாசம் ஏறுகிறது. அந்த மாதங்களில் பறித்ததைத் தனியாக வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் இப்படி எழுதலாம்: "பண்டாரவளை. ஓகஸ்ட் மாதக் கொழுந்து. அக்காவும் தங்கையும் கையால் உருட்டியது." தொழிற்சாலைத் தேயிலையைப் பார்த்து பி.ஓ.பி. (புரோக்கன் ஓரஞ்சு பெக்கோ) என்று போட வேண்டாம். அது இலையின் அளவையும் தோற்றத்தையும் வைத்துச் சொல்கிற தரப்பெயர். அதில் வருகிற ஓரஞ்சுக்கும் பழத்துக்கும் சம்பந்தமில்லை. எழுதியது எதுவானாலும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்பது சட்டமும்கூட. நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1890இல் இங்கே வந்து அப்புத்தளைப் பக்கத்தில் தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு என்ற பொருளில் ஒரு வரியை வைத்து இங்கிலாந்தில் தேயிலை விற்றார். இடைத்தரகர் இல்லை, அதனால் விலை குறைவு என்பது அதன் சேதி. விளம்பரமாகப் பார்த்தால் அருமையான வரி. ஆனால் அந்த "நேரே" என்ற ஒரு சொல்லுக்குள் பறித்த கை, மடுவத்தில் கொழுந்தை எடைபோட்ட தராசு, அதை வாட்டிய இரவு, எல்லாமே மறைந்துபோயின. உங்கள் பைக்கற்றில் அவற்றுக்கு இடம் கொடுங்கள். இருவரும் உருட்டுகிற படம் ஒன்று போதும். புடவை கட்டிச் சோடித்து எடுக்காமல், வேலை நேரத்தில் எடுங்கள்.

ஒரு தாய், நுவரெலியா: கிரிக்கெட் வீரர் குடிக்கிறார் என்று என் மகனும் அந்தக் குளிர்பானத்தைத்தான் கேட்டு அழுகிறான். எப்படி நிறுத்துவது?

விளம்பரத்தைத் திட்டினால் பிள்ளைக்கு வீரரைத் திட்டியதாகத்தான் படும். போத்தலைக் கையில் கொடுத்து, அதில் இருக்கிற நிற அடையாளத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குளிர்பானங்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்டும் முறை இங்கே 2016இல் வந்தது. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை, இடைப்பட்டது மஞ்சள். பிறகு அந்தச் சீனியைக் கரண்டியால் அள்ளி ஒரு தட்டில் அவனையே போட வையுங்கள். நான் இதை வகுப்பில் செய்திருக்கிறேன். தட்டைப் பார்த்ததும் பிள்ளைகள் பேச்சு மூச்சில்லாமல் ஆகிவிடுவார்கள்.

பெயர் வேண்டாம், பொகவந்தலாவ: குழுக் கடன் நோட்டீஸ் ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். "50,000 ரூபாய், மாதம் 2 வீதம் மட்டுமே" என்று இருக்கிறது. எடுக்கலாமா? நீங்கள் கொழும்பில் விளம்பரம் எழுதியவர் என்று படித்தேன். இப்படி எழுதுகிறவர்களுக்கு எங்கள் வீட்டு நிலைமை தெரியுமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம், அக்கா. 12 மாதத் தவணை என்று நோட்டீசில் இருக்கிறது. 50,000க்கு மாதம் 2 வீதம் என்றால் 1,000 ரூபாய். 12 மாதத்துக்கு 12,000. மொத்தம் 62,000, மாதம் ஏறக்குறைய 5,167. ஆண்டுக்கு 24 வீதம்தானே என்று தோன்றும். ஆனால் ஆறு மாதம் கட்டிய பிறகு உங்கள் கையில் இருக்கிற கடன் 25,000தான். அப்போதும் வட்டி 1,000 ரூபாயாகவே நிற்கும். கடைசி மாதத்தில் நாலாயிரத்துச் சொச்சத்துக்கும் அதே 1,000. குறைந்து வரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் ஆண்டு வட்டி 41 வீதத்தைத் தாண்டுகிறது. ஆவணக் கட்டணம் என்று முதலிலேயே பிடித்துக்கொண்டால் இன்னும் ஏறும். நோட்டீசில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. "மட்டுமே" என்ற சொல்தான் உங்களைக் கணக்குப் பார்க்க விடாமல் தடுக்கிறது.

எடுக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். எடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், "குறைந்து வரும் மீதிக்கு ஆண்டு வட்டி எவ்வளவு?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தெரியும், அக்கா. எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

கொழும்பில் ஒன்பது வருடம் தமிழில் விளம்பரம் எழுதினேன். ஒருநாள் குழுக் கடன் நோட்டீஸ் ஒன்று வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தோட்டத்துப் பெண்கள் நம்புகிற மாதிரி எழுதித் தரச் சொன்னார்கள். எங்கள் லயத்தை நினைத்துக்கொண்டு எழுதினேன். "நம்ம அக்கா இருக்காங்க, நமக்கென்ன பயம்?" ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்த ஒரு வரிக்குள் மூடிவைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

அடுத்த தைப்பொங்கலுக்குச் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை. தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துப் படியில் சின்னம்மாவோடு ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பணம் வாங்க வந்தவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். நான்கு பேர் கட்டிவிட்டார்கள், ஒருவரிடம் இல்லை. அவர் கட்டும் வரை யாரும் எழுந்து போக முடியாது. வெயில் இறங்கிவிட்டது. அடுப்பு மூட்ட வேண்டிய நேரத்தில் நான்கு பேரும் அந்த ஒருத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் யாரையும் திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடைசியில் சின்னம்மா சேலை முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கடன் அட்டையை எடுத்துக் காட்டினார். அதற்குள் நான் எழுதிய நோட்டீஸ் நான்காக மடித்து இருந்தது. மடிப்பு நைந்து, "பயம்" என்ற சொல்லின் நடுவே கிழிந்திருந்தது. சின்னம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அந்த வரியின் கீழே விரலை வைத்து மெதுவாகப் படித்துவிட்டு, "இத எழுதினது யாரோ நம்ம ஆளுதான்" என்றார்.

நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். சின்னம்மா என் முகத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. அட்டையை என் மடியில் வைத்து, "அப்ப நீயே எண்ணிச் சொல்லு, இன்னும் எத்தன வாரம்?" என்று கேட்டார்.

விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையெழுத்து விழாத கட்டங்களை இருவரும் விரல் வைத்து எண்ணினோம். 23.