எலும்பில் தொழுநோயைத் தேடும் படிப்பு: மகளுக்காகக் கவலைப்படும் ஓர் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

பழைய எலும்புகளில் தொழுநோய்க் கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் துறைக்குப் போக மகள் ஆசைப்படுவதைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நோய் ஒட்டிக்கொள்ளுமா, வேலை கிடைக்குமா, நன்றாக உயிரியல் படிக்கிற பெண் எதற்காகப் பழைய எலும்புக்கூடுகளின் பின்னால் போக வேண்டும்? முதல் கேள்விதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. அதை முதலில் முடித்துவிடலாம்.

ஒட்டாது. பல நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த எலும்பில் உயிருள்ள தொழுநோய்க் கிருமி இருக்காது. ஆய்வாளர்கள் எடுப்பது எப்போதோ செத்துப்போன கிருமியின் டிஎன்ஏ துண்டுகளைத்தான். உயிரோடு இருக்கும்போதே இது ஆய்வகத் தட்டில் வளராத கிருமி. 1873-ல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்த நாளிலிருந்து இன்றுவரை யாராலும் அதைச் செயற்கையாக வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்திலும், ஆர்மடில்லோ என்ற ஓடு மூடிய விலங்கின் உடலிலும் வைத்துத்தான் பெருக்குகிறார்கள். இன்று யாருக்காவது அந்த நோய் வந்தாலும் கூட்டு மருந்துச் சிகிச்சையில் குணமாகிவிடும். உடல் முழுக்க மூடிய உடை, முகக்கவசம், இரட்டைக் கையுறை என்று படங்களில் பார்த்துப் பயந்திருப்பீர்கள். எலும்பால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று போடும் உடை இல்லை அது. அவளால் எலும்பு கெட்டுவிடக் கூடாது என்று போடுவது. ஒரு தும்மல் போதும், மாதிரியில் இன்றைய மனித டிஎன்ஏ கலந்துவிடும்.

சரி, எதற்காக இந்த வேலை? ஐரோப்பாவில் இடைக்காலத்தில் பரவலாக இருந்த தொழுநோய் 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் வெகுவாகக் குறைந்தது. கிருமி வீரியம் இழந்துவிட்டதோ என்ற சந்தேகம் இருந்தது. 2013-ல் டென்மார்க், ஸ்வீடன், இங்கிலாந்து கல்லறைகளில் கிடைத்த எலும்பு, பற்களிலிருந்து கிருமியின் மரபணுத்தொகுதிகளை, அதாவது முழு டிஎன்ஏ வரிசைகளை, மீட்டெடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்தால் அன்றைய கிருமிக்கும் இன்றைய கிருமிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் மாறியது மனிதர்களின் எதிர்ப்புச் சக்தியா, வாழ்க்கை முறையா என்று கேள்வியே திசை மாறிவிட்டது. இப்படி ஒப்பிடுவதற்கு அடிப்படையாக வைத்திருக்கும் மரபணுத்தொகுதி 2001-ல் வெளியானது. அந்தக் கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்தது. இதை மகளிடம் சொல்லிப் பாருங்கள், அவளுக்கு முன்பே தெரிந்திருக்கலாம்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. தொழுநோய்க் கிருமியின் சுவர் மெழுகு போன்ற கொழுப்பால் ஆனது. டிஎன்ஏ நன்றாகத் தங்கியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். டென்மார்க்கின் ஓடென்சேயில், தொழுநோயாளிகளுக்கான இல்லத்தின் கல்லறையில் கிடைத்த ஒரு மாதிரியில், ஒப்பிட எதுவும் இல்லாமலேயே முழு மரபணுத்தொகுதியையும் கோத்தெடுக்க முடிந்தது. அது அபூர்வம்.

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்பதுதான் உங்கள் மகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. முதலில் எலும்பை வாசிக்கத் தெரிய வேண்டும். மூக்கின் அடியில் உள்ள சிறு முள்ளெலும்பு கரைந்திருக்கும், மேல் முன்பற்களைத் தாங்கும் எலும்பு தேய்ந்திருக்கும், கால்விரல் எலும்புகள் சீவிய பென்சில் போலக் கூர்ந்திருக்கும். ராஜஸ்தானின் பாலாதலில் சுமார் 4,000 ஆண்டுப் பழமையான எலும்புக்கூட்டில் தொழுநோயை அடையாளம் கண்டது எலும்பில் இருந்த தடயங்களை வைத்துத்தான். அதற்கப்புறம் சுத்த அறையில் பல்லையோ எலும்பையோ துளையிட்டுச் சிட்டிகைத் தூள் எடுப்பார்கள். எடுத்தது எடுத்ததுதான், அந்த எலும்பு பழையபடி ஆகாது. அதனால் யாருடைய மூதாதையர், யாருடைய அனுமதி என்ற கேள்விகளைத் தாண்டித்தான் துளைக்கருவியைத் தொட முடியும்.

மீதிக் காலம் கணினி முன்னால். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை! தூளிலிருந்து வரும் டிஎன்ஏவில் பெரும்பகுதி மண்ணில் வாழும் பாக்டீரியாக்களுடையது. தொழுநோய்க் கிருமியின் உறவுக்காரர்கள் மண்ணிலேயே இருப்பதால் ஏமாறுவது சுலபம். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின், துண்டுகளின் நுனியில் சிதைந்து தைமின் என்ற வேறு எழுத்தாகப் படிக்கப்படுகிறதா என்று பார்த்தே அது உண்மையிலேயே பழையதா என்று முடிவு செய்வார்கள். பல மாதிரிகளில் ஒன்றுமே வராது. வெப்பமான மண்ணில் நிலைமை இன்னும் மோசம். மனித டிஎன்ஏவுக்காக ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிகத் தொல்லிடமான ராகிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்து, 2019-ல் ஒரே ஒருவருடைய மரபணுத்தொகுதியைத்தான் வெளியிட முடிந்தது. வெறுங்கையோடு திரும்பும் மாதங்களைத் தாங்கும் பொறுமை அவளுக்கு உண்டா? மதிப்பெண்ணைவிட இதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

படிப்பு விஷயத்தில் என் கருத்து இது. இளநிலையில் 'தொல் டிஎன்ஏ' என்று பெயர் போட்ட படிப்பைத் தேட வேண்டாம். நுண்ணுயிரியல், மரபியல், உயிர்த்தகவலியல் என்று அகலமான ஒன்றில் சேரட்டும். கூடவே புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியும். முதுநிலையில் தொல்லியலையோ எலும்பியலையோ சேர்த்துக்கொள்ளலாம். முனைவர் பட்டத்துக்குப் போகும்போது லைப்சிக், டூபிங்கன், கோபன்ஹேகன் போன்ற இடங்களில் உள்ள ஆய்வுக்குழுக்களைப் பார்க்கலாம்.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தத் துறையில் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. முனைவர் பட்டத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் ஒப்பந்த வேலைதான், ஊர் ஊராக மாற வேண்டியும் வரும். ஆனால் கை வெறுமையாகாது. சிதைந்த, கலப்படமான மாதிரியிலிருந்து கிருமியைக் கண்டுபிடிக்கப் பழகியவருக்குக் காசநோயின் மருந்து எதிர்ப்பைக் கண்டறியும் ஆய்வகத்திலும், தடயவியலிலும், பொதுச் சுகாதார மரபணுக் கண்காணிப்பிலும் வேலை உண்டு. தொழுநோயைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தால்தான் சிக்கல்.

சேர்க்கைக்கு முன்னால் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். இடைக்காலத் தொழுநோய் ஆய்வுகளின் மூலத்தரவுகள் ஐரோப்பிய நியூக்ளியோடைடு காப்பகம் என்ற இணைய டிஎன்ஏ தரவுத்தளத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை இறக்கி, 2001 மரபணுத்தொகுதியோடு பொருத்தி, நுனிச் சிதைவின் வரைபடத்தைப் போட்டுப் பார்க்கட்டும். இலவச மென்பொருள்கள் போதும். ஒரு விடுமுறை பிடிக்கும், பிழைச்செய்திகள் கொட்டும். அதை முடித்த பிறகும் அடுத்த மாதிரியை இறக்கினாள் என்றால், எனக்கு எழுதுங்கள். கல்லூரிப் பட்டியலை அப்போது சேர்ந்து போடுவோம்.