தொலைநோக்கியை ஓட்டும் கணினிகளை எந்த வரிசையில் போடுவது, எந்த வரிசையில் அணைப்பது?

கேட்டவர் பெங்களூருக்குப் புதிதாகக் குடிவந்தவர். மொட்டை மாடியில் தொலைநோக்கி, அதன் பக்கத்தில் ஒரு மினி பிசி, கீழே வீட்டுக்குள் லேப்டாப். எதை முதலில் போடுவது, எதை முதலில் அணைப்பது, அணைக்காமலே விட்டால் என்ன என்று கேட்கிறார்.

என்னிடமும் இதே ஏற்பாடுதான். ஹொரமாவில் வாடகை வீடு, நாலு வருடமாக ஓடுகிறது. போடுவதைவிட அணைப்பதில்தான் நான் அதிகம் அடிபட்டிருக்கிறேன். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

ஒரு ஜனவரி இரவு. சிம்ம ராசிப் பக்கம் உள்ள மூன்று கேலக்ஸிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குக் கண் சொருகிவிட்டது. மாடி ஏறச் சோம்பல், கீழே இருந்தபடியே மினி பிசிக்கு ஷட் டவுன் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். கணினி நின்றால் தொலைநோக்கியும் நிற்கும் என்ற நினைப்பு. அது நிற்காது. வானத்தோடு கூடவே திரும்பும் வேலையை, தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டுக்குள் இருக்கும் சில்லே பார்த்துக்கொள்ளும், மணிக்கு 15 பாகை. நட்சத்திரம் உச்சியைத் தாண்டும்போது தொலைநோக்கிக் குழாயை மறுபக்கம் புரட்டிப் போடுவதுதான் கணினியின் பொறுப்பு. அதைத்தான் நான் தூங்க அனுப்பிவிட்டேனே! நாலு மணி வாக்கில் கேலக்ஸிகள் உச்சியைத் தாண்டி மேற்கே சாய, குழாயும் பின்னாலேயே போய், கேமரா டிரைபாட் காலில் முட்டிக்கொண்டது. ஆறரைக்கு மேலே போனால் மோட்டார் உறுமிக்கொண்டிருக்கிறது, கேமராவின் யூஎஸ்பி சாக்கெட் கோணிப் போயிருக்கிறது. மூடியும் போடவில்லை, இன்னும் கால் மணியில் சூரியன் வந்துவிடும்.

ஆகவே கணினிதான் கடைசி. முதலில் படம் எடுப்பதை நிறுத்துங்கள், பிறகு ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டின் ஓட்டத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும் கைடிங்கை. அடுத்து மவுண்டைப் பார்க் செய்யுங்கள், அதாவது துருவ நட்சத்திரத்தைப் பார்க்கும் ஓய்வு நிலைக்கு அனுப்பி நிறுத்துங்கள். திரையில் ‘பார்க் ஆகிவிட்டது’ என்று வந்தாலும் ஒரு தடவை மாடி ஏறிக் கண்ணால் பாருங்கள். பெங்களூரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. அதனால் பார்க் ஆன குழாய் ஏறக்குறைய படுத்த நிலையில் வடக்கே பார்த்திருக்கும். என்னுடையது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கும். தொட்டி தெரிந்தால் எல்லாம் சரி.

இப்போது மூடியைப் போட்டுவிட்டு, கேமராவின் குளிர்ச்சியை எடுப்பதற்கு முன்னாலேயே டார்க் படங்களை (சென்சாரின் சொந்த இரைச்சலைக் கழிக்க இருட்டில் எடுப்பவை) எடுத்துவிடுங்கள். மைனஸ் 10 டிகிரி செல்சியஸில் எடுத்த படத்துக்கு அதே மைனஸ் 10-இல் எடுத்த டார்க்தான் பொருந்தும். அவசரப்பட்டு அணைத்துவிட்டு மறுபடி குளிரவைத்தவன் நான். பிறகு கேமராவின் குளிர்ச்சியை மெல்ல மெல்ல எடுக்கும் ‘வார்ம் அப்’ கொடுங்கள். சட்டென்று நிறுத்தினால் சென்சார் வெடித்துவிடும் என்று பயமுறுத்துவார்கள், எனக்கு அவ்வளவு பயம் இல்லை. ஆனாலும் பத்து நிமிடம்தானே, அதற்குள் ஃபைல்களைக் காப்பி செய்துவிடலாம். அதன்பின் மென்பொருளில் எல்லாவற்றையும் டிஸ்கனெக்ட் செய்து, மினி பிசியை அணைத்து, 12 வோல்ட் சப்ளையை நிறுத்துங்கள்.

மினி பிசியின் திரையைக் கீழே காட்டும் ரிமோட் டெஸ்க்டாப்பை லேப்டாப்பில் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லேப்டாப் திரையில் அதன் ஜன்னலை மூடினால் மேலே மென்பொருள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ‘சைன் அவுட்’ கொடுத்தால் அத்தனையும் போய்விடும்.

போடும்போது இதைத் தலைகீழாகச் செய்தால் போதும் என்பார்கள். பாதிதான் சரி. கரண்ட் கொடுப்பதற்கு முன்பே குழாயைக் கையால் ஹோம் என்ற தொடக்க நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பெரும்பாலான மவுண்டுகள் ஆன் ஆனதும், தான் ஹோமில்தான் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அதற்குமேல் மவுண்ட், கேமரா, மினி பிசி, கடைசியாக லேப்டாப்.

எதையும் கனெக்ட் செய்யுமுன் கடிகாரத்தைப் பாருங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வானம் நேரத்தில்தான் ஓடுகிறது. மினி பிசி ஒரு நிமிடம் தவறாக இருந்தால் குழாய் கால் பாகை தள்ளி நிற்கும், அதாவது நிலவின் பாதி அகலம். மினி பிசிக்குப் பதில் சிலர் வைத்திருக்கும் பழைய ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி போர்டுகளில் பேட்டரிக் கடிகாரமே கிடையாது, நெட் இல்லாவிட்டால் அவை வேறு ஏதோ நாளில் எழுந்திருக்கும். நான் ஒருமுறை உலக நேரம் கேட்ட இடத்தில் நம் நேரத்தைப் போட்டுவிட்டேன். ஐந்தரை மணி வித்தியாசம், அதாவது 82.5 பாகை. திருவாதிரையைக் கேட்டால் குழாய் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பார்த்து நின்றது. பிளேட் சால்விங் இருக்கிறதே என்பீர்கள். படத்தில் உள்ள நட்சத்திரங்களை அட்டவணையோடு ஒப்பிட்டு, குழாய் எங்கே பார்க்கிறது என்று அது கண்டுபிடித்துவிடும், உண்மைதான். சுவரில் நட்சத்திரம் இருந்தால்!

டிஸ்கில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். என் 26 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் 52 எம்பி, மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஆறு மணி நேரத்தில் 6 ஜிபிக்கு மேல். விண்டோஸின் ஸ்லீப்பையும் யூஎஸ்பி பவர் சேவிங்கையும் ஒரேயடியாக நிறுத்திவிடுங்கள், அப்டேட்டைப் பகலுக்குத் தள்ளுங்கள். யூபிஎஸ்ஸில் மவுண்டோடு வைஃபை ரௌட்டரையும் மாட்டுங்கள். கரண்ட் போனதும் முதலில் சாவது அதுதான், பிறகு மேலே நடப்பது எதுவும் தெரியாது.

ஏறிப்போய்ப் பார்க்க முடியாத தொலைநோக்கியும் உண்டு. லடாக்கில் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கியை, இங்கே பெங்களூரை ஒட்டிய ஹொசகோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக ஓட்டுகிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இரண்டு மாடிப் படி ஏறுவது பெரிதாகத் தெரிவதில்லை.

அணைக்காமலே விடலாமா என்றால், தொடர்ந்து தெளிவான இரவுகள் வரும் டிசம்பர், ஜனவரியில் மினி பிசியை மட்டும் விட்டுவிடுவேன். மவுண்டை விடமாட்டேன். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்கால இடி ஆரம்பித்துவிட்டால் சுவிட்சை அணைப்பதோடு விடாமல் ப்ளக்கையே பிடுங்கிவிடுங்கள். மாடியிலிருந்து கீழே இறங்கும் லேன் கேபிளையும் சேர்த்து.