ஆல்ப்ஸ் மலையில் பல நாள் நடைபயணம் போனால் முதல் நாள் எப்படி இருக்கும்? பழக்கமில்லாத உடம்பு தாங்குமா?

தாங்கும். ஏற்றத்தை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் முதல் நாள் ஆளைச் சாய்ப்பது இறக்கம்.

நான் நடந்தது மோன் பிளாங் சிகரத்தைச் சுற்றிவரும் பாதை. பிரான்ஸ், இத்தாலி, ஸ்விட்சர்லாந்து என்று மூன்று நாடுகள் வழியாகச் சுமார் 170 கிலோமீட்டர். ஏறும் உயரத்தை மட்டும் கூட்டினாலே ஏறக்குறைய 10,000 மீட்டர் வரும். பெரும்பாலோர் பத்து, பதினோரு நாளில் முடிக்கிறார்கள். வழக்கமான தொடக்கம் பிரான்ஸில் ஷாமொனி பக்கத்திலுள்ள லே ஊஷ் என்ற ஊர். ஜெனீவாவிலிருந்து பஸ்ஸிலேயே ஷாமொனி வந்துவிடலாம்.

லே ஊஷ் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். அங்கிருந்து 1,653 மீட்டரில் இருக்கும் வோசா கணவாய்க்கு ஏற வேண்டும். போஸ்ட்கார்டு காட்சியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். தார் ரோடு, அப்புறம் ஜீப் தடம், தலைக்கு மேலே குளிர்காலப் பனிச்சறுக்குக்காரர்களுக்கான லிஃப்ட் கம்பிகள். பாதை அகலமாகத்தான் இருக்கும், ஆனால் நல்ல செங்குத்து. முதுகுப்பை அன்றைக்குத்தான் தன் உண்மையான எடையைக் காட்டும். இந்த உயரத்தில் மூச்சு வாங்குவது ஏற்றத்தால் மட்டுமே, காற்று மெலிந்ததால் இல்லை. அதனால் மெதுவாக, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் போனால் போதும்.

கணவாயில் தண்டவாளம் குறுக்கே போகும். பல்சக்கரம் வைத்து மலையேறும் குட்டி ரயில் அது. இங்கேதான் மரங்கள் விலகி, 4,000 மீட்டரைத் தாண்டிய பியோனசே சிகரம் சட்டென்று எதிரே நிற்கும்.

இங்கிருந்து இரண்டு வழி. ஒன்று பியோனசே கிராமத்தின் வழியாக, வீடுகளும் மாடுகளும் மரத்தொட்டியில் விழும் குளிர்ந்த தண்ணீருமாகப் போகிற சுலபமான வழி. இன்னொன்று 2,120 மீட்டர் உயரமுள்ள திரிகோ கணவாய் வழி. பனியாற்றிலிருந்து இரைச்சலோடு வரும் சாம்பல் நிற ஓடையைத் தொங்குபாலத்தில் கடந்து ஏற வேண்டும். பாலத்தில் ஒவ்வொரு அடிக்கும் பலகை ஆடும். முன்னால் போகிறவர் கரை சேரும்வரை நின்று, அப்புறம் கால் வைப்பது நிம்மதி.

என்னைக் கேட்டால் வானம் தெளிவாக இருந்தால் திரிகோ. மேகம் திரண்டால் யோசிக்காமல் கீழ்வழி. ஆல்ப்ஸில் கோடைகால இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும், அந்த நேரத்தில் மொட்டைக் கணவாயில் மாட்டிக்கொள்ளக் கூடாது. காலையில் லே ஊஷிலேயே பெல்வ்யூ ரோப்காரில் ஏறிவிட்டால் முதல் ஏற்றம் மொத்தமும் மிச்சம். அதில் என்ன கௌரவக் குறைச்சல்? மிச்சமாகும் தெம்பு இறக்கத்துக்கு வேண்டும்.

ஏனென்றால் திரிகோவின் மறுபக்கம் மியாஜ் குடிசைகள் வரை 560 மீட்டர் நேரே கீழே இறங்குகிறது. உச்சியிலிருந்தே கூரைகள் தெரியும், ஆனால் நடக்க நடக்கக் கிட்டவே வராது. ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டபடியே பிரேக் பிடிக்கிறது, அந்த வேலைதான் தசை இழைகளைச் சேதப்படுத்துகிறது. வலி அன்றைக்குத் தெரியாது, அடுத்த நாளோ அதற்கு மறுநாளோதான் வரும். அதனால் இரண்டு கைக்கும் கம்பு, சின்னச் சின்ன அடி. இறங்குவதற்கு முன் ஷூ லேஸைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டுங்கள். பாதம் முன்னால் வழுக்காமல் இருந்தால்தான் கால்நகம் பிழைக்கும். நகத்தை வீட்டிலேயே ஒட்ட வெட்டிவிட்டு வாருங்கள்.

மியாஜில் ஆம்லெட் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. ஆனால் அங்கிருந்து த்ருக் மேட்டுக்கு இன்னொரு 160 மீட்டர் ஏற்றம் பாக்கி இருக்கிறது. வரைபடத்தில் சின்னதாகத் தெரிகிற அந்த ஏற்றத்தில்தான் நான் அதிகமாகத் திட்டினேன்.

வழி தவற வாய்ப்பு குறைவு. பாறையிலும் மரத்திலும் வெள்ளை-சிவப்புக் கோடு இருக்கும். அதுவே பெருக்கல் குறியாக இருந்தால் தவறான பாதை என்று அர்த்தம். மஞ்சள் பலகைகளில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு, சாப்பாடு, போட்டோ எதுவும் சேராது. முதல் நாள் அதோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

இரவு தங்கல் லே கொன்தமின் என்ற ஊரில். மலை விடுதியென்றால் ஷூவை வாசலிலேயே கழற்ற வேண்டும், படுக்கைக்குச் சொந்த உறைத்துணி வேண்டும். இரவுச் சாப்பாடு ஏழு மணி வாக்கில், எல்லோருக்கும் ஒரே மெனு. சைவம் என்றால் புக் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். போய்ச் சொன்னால் ரொட்டியும் சீஸும்தான். படுப்பதற்கு முன் இங்கேயே கடைக்குப் போய் மறுநாளுக்கு வாங்கிவிடுங்கள், கொஞ்சம் ரொக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் கூர்மாயர் வரும்வரை பெரிய கடை கிடையாது, சில விடுதிகளில் கார்டும் செல்லாது.