கூட்டமா போய் சீஃபூட் சாப்பிடணுமா? பத்தாங் பெர்ஜுந்தை மீன் லாரி அண்ணன் கிட்ட கேளுங்க

வணக்கம். மீன் லாரி ஓட்டுன ஆளு நானு. ரிட்டயர் ஆயிட்டு இங்க மலேசியாவுல, சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தையில உட்கார்ந்திருக்கேன் (2007-லயே பெஸ்தாரி ஜெயான்னு பேர் மாத்தியாச்சு, எங்க வாய்ல இன்னும் வரல). கடல் சாப்பாட்டைப் பத்தி என்ன வேணா கேளுங்க. கடை பேர் மட்டும் கேக்காதீங்க, சமையல்காரன் மாறினா கடையும் மாறிப்போவும்.

சிங்கப்பூரிலிருந்து: அண்ணே, லீவுக்கு 14 பேரு வர்றோம், அங்க மின்மினிப்பூச்சி பார்த்துட்டு அப்படியே எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சீஃபூட் சாப்பிடணும். தெரியாத ஊர்ல நல்ல கடைய எப்படி கண்டுபிடிக்கிறது?

மொதல்ல வரிசைய மாத்துங்க. மின்மினி இருட்டினாதான் தெரியும், அது முடிஞ்சு 14 பேரைக் கூட்டிட்டு கடைக்குப் போறதுக்குள்ள பாதி கடையில அடுப்பை அணைச்சிருவாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கே கோலசிலாங்கூர் ஆத்துக்கு அந்தப் பக்கம் பாசிர் பெனாம்பாங் போங்க, மீன்பிடி கிராமம் அது, ஆத்தோரமா வரிசையா கடைங்க இருக்கு. சாப்பிட்டு முடிச்சு மின்மினி பாக்க கம்போங் குவாந்தான் போய் சம்பான் (சின்னப் படகு) ஏறுங்க.

கடைக்குள்ள போன உடனே உட்காராதீங்க. தொட்டியப் பாருங்க, தண்ணி கலங்கி மீனு ஒரு பக்கமா சாஞ்சிருந்தா வெளிய வந்துருங்க. ஐஸ்ல வச்ச மீனுன்னா செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க, செவப்பா இருக்கணும், கண்ணு குழி விழுந்திருக்கக் கூடாது. தொட்டியில உயிரோட ஓடுற சியாக்காப் (கொடுவா), கெராப்பு (களவா) எல்லாம் பெரும்பாலும் வளர்ப்பு மீனு, அது தப்பில்ல, ஆனா "கடல் மீனு"ன்னு சொல்லி அந்த விலை கேட்டா சிரிச்சிட்டு நகருங்க. அப்புறம் தராசு. மீனையும் நண்டையும் உங்க கண்ணு முன்னால எடை போட்டு, மொத்தம் எவ்வளவு வரும்னு வாயால சொல்லச் சொல்லுங்க, அதுக்கப்புறம்தான் அடுப்புக்குப் போவணும். மெனுவுல 15 வெள்ளி (ரிங்கிட்)ன்னு போட்டிருக்கும், பக்கத்துல பொடி எழுத்துல 100 கிராம்னு இருக்கும். ஒண்ணே கால் கிலோ மீனுன்னா 187 வெள்ளி 50 காசு. இதைக் கேட்டா மூஞ்சி சுளிக்காத தவுக்கே (கடை முதலாளி) இருக்கான் பாருங்க, அவன் கடைதான் நல்ல கடை.

14 பேருக்கு ரெண்டு மேசை. ஒரே பெரிய மீனா எடுக்காம மேசைக்கு ஒண்ணுன்னு முக்கா கிலோவுல ரெண்டு எடுத்து, ஒண்ணு தியோச்சூ ஸ்டீம் (சீன முறையில ஆவியில வேக வச்சது), ஒண்ணு அசாம் புளிப்பு காரம். நண்டு ஒரே சமையல், ராலு ஒண்ணு, சோத்தோங் (கணவாய்) பொரிச்சது, தாவு (டோஃபு), ரெண்டு கீரை. மொதல்லயே எல்லாத்தையும் லார்ஜ் சொல்லாதீங்க, பத்தலன்னா மறுபடி கேக்கலாம், மிஞ்சினா தப்பாவ் (பார்சல்) பண்ணி காருதான் நாறும்.

ஈஜோக்கிலிருந்து: அண்ணே எந்தக் கடை பெஸ்ட்?

மேல பாருங்க.

தாப்பாவிலிருந்து: மேசை மேல பேப்பர் விரிச்சு கொட்டுறாங்களே ஷெல் அவுட், பகிர்ந்து சாப்பிட அதானே லாபம்?

கும்மாளம் நல்லாத்தான் இருக்கும், பிள்ளைங்களுக்கு ரொம்ப பிடிக்கும். ஆனா அந்தக் குவியல்ல சோளம் எவ்வளவு, லாலா சிப்பி ஓடு எவ்வளவுன்னு பிரிச்சுப் பாருங்க. அதோட கெட்டியான சாஸ் ஊத்திட்டா பழைய ராலும் புதுசு மாதிரிதான் தெரியும். செட்டுல என்னென்ன எத்தனை கிராம்னு கேட்டுட்டு வாங்குங்க. அரை வேக்காட்டு கெராங் (சிப்பி) மட்டும் வேணாம், ஹெபடைட்டிஸ் ஏ வர்றதுக்கு அது நல்ல வழி. வெந்தும் வாய் தொறக்காத சிப்பிய ஒதுக்கிடுங்க.

பந்திங்கிலிருந்து: பௌர்ணமி அன்னிக்கு நண்டு வாங்கக் கூடாதுங்கிறாங்களே, உள்ள சதை இருக்காதாம்?

நண்டு சட்டை உரிக்கும், உரிச்ச புதுசுல உள்ள தண்ணியாத்தான் இருக்கும், நாளாக நாளாகத்தான் சதை பிடிக்கும். கவுத்துப் போட்டு வயித்துப் பக்கம் காலு சேர்ற இடத்துல கட்டை விரலால அமுக்குங்க, கல்லு மாதிரி இருந்தா எடுங்க, அமுங்கினா வேணாம். நிலாவ அண்ணாந்து பாக்க வேண்டியதில்ல.

காப்பாரிலிருந்து: அண்ணே மன்னிக்கணும், எங்க பாட்டி தோட்டத்துல இருந்தப்ப பாரிட்ல (வாய்க்கால்ல) நண்டு பிடிச்சவங்க, பௌர்ணமி நண்டு பொக்கைன்னுதான் சொல்லுவாங்க. பெரியவங்க சும்மா சொல்லுவாங்களா?

பாட்டிய நான் ஒண்ணும் சொல்லல தம்பி. பாட்டி அன்னிக்கே பிடிச்சு அன்னிக்கே கொழம்பு வச்சவங்க. கடையில கட்டி வச்சிருக்கிற நண்டு என்னிக்குப் பிடிச்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா? தொட்டியில கெடந்திருக்கும், வெளிநாட்டுல இருந்து கூட வருது. அது மாட்டின ராத்திரி நிலா எப்படி இருந்துச்சுன்னு யாரைப் போய் கேப்பீங்க?

பந்திங்கிலிருந்து: அப்ப அமாவாசை நண்டுதான் கனமா இருக்கும்னு எங்க மார்க்கெட்ல சொல்றது பொய்யா?

பௌர்ணமி அமாவாசை ரெண்டுலயும்தான் தண்ணி ஏத்தம் பெருசு. அப்ப ஒண்ணுல பொக்கை, இன்னொண்ணுல கனமா? அமுக்கிப் பாருங்கப்பா.

காப்பாரிலிருந்து: அப்ப ஆணா பொட்டையா?

சதைக்கு ஆணு, முட்டைக்கு பொட்டை. வயித்து மூடி குறுகலா இருந்தா ஆணு, அகலமா இருந்தா பொட்டை. கட்டுன கயித்தையும் பாருங்க, தடியா ஈரமா இருந்தா நண்டு விலைக்கு கயிறு வாங்குறீங்க. நண்டு கேள்வி இதோட போதும்.

சுங்கை பட்டாணியிலிருந்து: டிசம்பர்ல பகாங் குவாந்தான் போறோம், மலிவா கிடைக்குமா?

அது வடகிழக்குப் பருவமழை நேரம், கிழக்குக் கரையில சின்னப் படகு கடலுக்கு இறங்காது. மலிவு எல்லாம் எதிர்பாக்காதீங்க. மேற்குப் பக்கம் வாங்க, ஆனா சீனப் பெருநாள் வாரத்துல வராதீங்க, வெள்ளை வவ்வால் மீனுக்கு தங்கம் விலை சொல்லுவாங்க.

ரவாங்கிலிருந்து: மலாய் கூட்டாளிங்க கூட வர்றோம். "பன்றி இல்லை"ன்னு பலகை போட்டிருந்தா போதுமா? எங்க அம்மா வேற வெள்ளிக்கிழமை சைவம்.

பலகை வேற, ஜாக்கிம் (அரசாங்க இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) ஹலால் சான்றிதழ் வேற. கூட்டாளிங்க சங்கடப்படாம சாப்பிடணும்னா ஜெராம் பக்கம் மலாய்க்காரங்க இக்கான் பக்கார் (சுட்ட மீன்) கடைங்களுக்குப் போங்க, நீங்களே மீனைப் பொறுக்கி எடுக்கலாம். எடுத்ததும் என்ன செய்யணும்? எடை. அம்மாவுக்கு காங்கோங் கீரை சொல்றீங்கன்னா ஜாக்கிரதை, அதுல போடுற பிளாச்சான்ல ராலு இருக்கு, மத்த கீரைக்கு சிப்பி சாஸ் ஊத்துவாங்க. வெறும் பூண்டு போட்டு வதக்கச் சொல்லுங்க. இல்ல, சனிக்கிழமை போங்களேன்.

கிள்ளானிலிருந்து: பில்லுல 6 விழுக்காடு, 10 விழுக்காடுன்னு ரெண்டு போட்டாங்க, ஏமாத்துறாங்களா?

6 அரசாங்கத்துக்குப் போற சேவை வரி, 2024-ல மத்த பல சேவைக்கு 8 ஆக்குனப்பவும் சாப்பாட்டுக்கு 6-லயே விட்டுட்டாங்க. 10 கடைக்காரன் போடுறது. ரெண்டும் மெனுவுல எழுதியிருக்கான்னு பாருங்க.

செமெஞ்சேயிலிருந்து: மீனு ஒண்ணு 210 வெள்ளி போட்டுட்டாங்க அண்ணே, சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் தெரிஞ்சது, என்ன செய்யலாம்?

எடை போடும்போது பக்கத்துல நின்னீங்களா? இல்லதானே. விலையே எழுதி வைக்காத கடைன்னா பில்லைப் பத்திரமா வச்சுக்கிட்டு உள்நாட்டு வாணிப அமைச்சுல புகார் குடுங்க. எழுதி வச்சும் நீங்க பாக்கலன்னா, நான் என்ன சொல்றது.

ஷா ஆலாமிலிருந்து: அண்ணே நல்ல கடை ஒண்ணு சொல்லுங்களேன், ப்ளீஸ்.

மேல. மேல. மேல.

சிங்கப்பூரிலிருந்து: நீங்க சொன்ன மாதிரியே மொதல்ல சாப்பாடுன்னு முடிவு பண்ணிட்டோம். மழை வந்தா?

பெரிய மழைன்னா சம்பான் விட மாட்டாங்க. அவசரப்படாம இன்னொரு சோத்தோங் சொல்லிட்டு உட்கார்ந்திருங்க, மழை விட்டப்புறம் போன் போட்டு கேட்டுட்டுக் கிளம்புங்க. கொசு மருந்தை படகுல ஏறி அடிக்காதீங்க, பூச்சிக்கு ஆகாது.