பாலாற்றங்கரைக்கு எந்த சைக்கிள்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பாலாற்றங்கரை மண் பாதையில் ஞாயிறுதோறும் ஓட்ட ஒரு எம்டிபி (மவுன்டன் பைக், கரடுமுரடான பாதைக்கான சைக்கிள்) வாங்கப் போகிறேன். கையில் 15,000 ரூபாய். முன்னும் பின்னும் ஷாக், 21 கியர், டிஸ்க் பிரேக் உள்ள ஒன்றைக் கடைக்காரர் காட்டுகிறார். அதே விலையில் பின் ஷாக் இல்லாத 8 கியர் சைக்கிளும் இருக்கிறது. எதை எடுக்கலாம்? (வாசகர், காட்பாடி)

பதில்: பின் ஷாக் இல்லாததை எடுங்கள். இந்த விலையில் வரும் பின் ஷாக் வெறும் ஸ்பிரிங்தான். அதிர்வை அடக்கும் எண்ணெய் அறை அதில் இருக்காது. மிதிக்கும்போதெல்லாம் சைக்கிள் மேலும் கீழும் ஆடி, உங்கள் பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஃபிரேம் மடங்கும் இடத்தில் உள்ள புஷ் (அச்சைச் சுற்றிய சிறு வளையம்) சீக்கிரம் தேய்ந்து சத்தம் போடும், அந்த அளவு புஷ் எளிதில் கிடைக்காது. எடையும் கூடும். காட்பாடிப் பக்கக் கரையில் குழியும் மேடும் உண்டே தவிர, பாறையிலிருந்து குதிக்கிற இடம் கிடையாது. அதற்கு அகலமான டயரே போதுமான ஷாக்.

கியரின் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், பல்சக்கரத்தின் பல்லை எண்ணுங்கள். 21 என்பது முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7; அதில் பல கியர்கள் கிட்டத்தட்ட ஒரே கனம் கொண்டவை. முன்னால் உள்ள சிறிய சக்கரத்தின் பல்லைப் பின்னால் உள்ள பெரிய சக்கரத்தின் பல்லால் வகுத்தால் உண்மை தெரியும். முன் 24, பின் 28 என்றால் 0.86. முன் 32, பின் 34 என்றால் 0.94. முன் 32, பின் 42 என்றால் 0.76. எண் குறையக் குறைய மேடு ஏறுவது எளிது. சமதளக் கரைக்கு 1-க்குப் பக்கத்தில் இருந்தால் போதும். பாலமதி மலைச் சாலை ஏறும் ஆசை இருந்தால் 0.8-ஐ ஒட்டித் தேடுங்கள்.

பின் சக்கரத்தில் இருப்பது ஃப்ரீவீலா, கேசட்டா என்று கட்டாயம் கேளுங்கள். பின் பல்சக்கரத் தொகுதியை ஹப்பின் (சக்கரத்தின் நடு உருளை) மேல் மரையில் திருகிப் பொருத்தினால் ஃப்ரீவீல், காடிகளில் நுழைத்துப் பொருத்தினால் கேசட். ஃப்ரீவீல் அமைப்பில் பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால், செயின் பக்கம் ஆக்சில் நீளமாகத் தாங்கலின்றி நிற்கும். கனமானவர் குழியில் இறங்கி ஏறினால் அது வளையும், முறியும். கேசட்டில் பேரிங் ஓரத்திலேயே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. உங்கள் எடை 80 கிலோவுக்கு மேல் என்றால் மற்றதை விட்டுக்கொடுத்தாவது கேசட் உள்ளதை எடுங்கள்.

பிரேக் விஷயத்தில் ஒன்று. விலை குறைந்த கேபிள் டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு பக்கக் கட்டைதான் நகரும், மறுபக்கம் அப்படியே நிற்கும். தேயத் தேய அந்த நிற்கும் கட்டையையும் திருகி டிஸ்க்குக்கு அருகில் கொண்டுவர வேண்டும். இதைச் செய்யாமல்தான் பலர் "டிஸ்க் பிடிக்கவில்லை" என்கிறார்கள். புது சைக்கிளில் மிதமான வேகத்தில் வந்து, சக்கரம் பூட்டாமல் 20 முறை பிரேக் பிடித்து மெதுவாக்கினால் கட்டை டிஸ்க்கோடு பழகும். டிஸ்க்கில் எண்ணெய் ஸ்பிரே பட்டால் கட்டை எண்ணெயைக் குடித்துவிடும். பிறகு அதை மாற்றுவதுதான் வழி.

கேள்வி: வாரம் இரண்டு பஞ்சர். எல்லாம் சீமைக் கருவேல முள். டியூப்லெஸ் மாற்றச் சொல்கிறார்கள். செலவுக்குத் தகுமா? (வாசகர், குடியாத்தம்)

பதில்: முதலில் ஓட்டையைப் பாருங்கள். ஒரே புள்ளி என்றால் முள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் அது முள் அல்ல. காற்று குறைவாக இருந்து, கல்லில் மோதியபோது ரிம் ட்யூபைக் கடித்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

முள் என்றால், ஒட்டுப் போடுவதற்கு முன் டயரின் உட்புறத்தைப் பஞ்சு அல்லது பழந்துணியால் ஒரு சுற்றுத் துடைத்து வாருங்கள். சிக்குகிற இடத்தில் முறிந்த முனை இருக்கும். வெறும் விரலால் தடவாதீர்கள். வாரம் இரண்டு பஞ்சர் ஆகிறவர்களில் பலருக்கு அந்தப் பழைய முள்ளே திரும்பத் திரும்பக் குத்துகிறது.

டியூப்லெஸ் நல்ல தீர்வுதான், ஆனால் ரிம்மும் டயரும் அதற்கென்றே செய்யப்பட்டிருக்க வேண்டும். சாதாரண ஒற்றைச் சுவர் ரிம்மில் டேப் சுற்றிச் செய்துதருகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். திருப்பத்தில் டயர் விளிம்பு கழன்று காற்று ஒரேயடியாகப் போய்விடும். உங்கள் ரிம் அந்த வகை இல்லையென்றால், ட்யூபுக்குள்ளேயே சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். பைக், கார் வால்வு போன்ற தடித்த வால்வு இருந்தால், வால்வு சாவியால் உள் ஊசியைக் கழற்றிச் சக்கரத்துக்கு 100 மில்லி ஊற்றலாம். முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டை கீழே வரும்படி நிறுத்தி, பிறகு சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். நம் ஊர் வெயிலில் ரப்பர் பால் சீலன்ட் சீக்கிரம் உலர்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிக் காதருகில் ஆட்டிப் பாருங்கள். தளும்பும் சத்தம் இல்லையென்றால் மீண்டும் ஊற்ற வேண்டும்.

இரட்டைக் கீறலுக்கு மருந்து சரியான காற்று; ஆனால் அளவுக்கு மீறியும் கூடாது. பஞ்சர் கடையில் கல்லு மாதிரி அடித்துவிடுவார்கள். 65 கிலோ எடையுள்ளவருக்கு 2.1 அங்குல டயரில் முன்னால் 30, பின்னால் 34 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போதும். அளவுமானி உள்ள கைப்பம்பு ஒன்று வாங்கிவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய சைக்கிளை நிறுவனம் அனுப்பிய ஆள் வீட்டுக்கு வந்து பூட்டிக் கொடுத்தார். 12 நாளில் இடது பெடல் கழன்று, கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) மரை போய்விட்டது. "உபயோகத்தில் ஏற்பட்ட சேதம், வாரன்ட்டி கிடையாது" என்கிறார்கள். என்ன செய்வது? (வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: இது பூட்டியதில் வந்த கோளாறு என்று காட்ட முடியும். இடது பெடலுக்கு மரை தலைகீழ்; கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால் கழலும். அதை மறந்து, சாய்வாக நுழைத்து ஸ்பேனரால் அழுத்தினால், பெடலின் இரும்பு ஆக்சில் கிராங்கின் அலுமினிய மரையை வெட்டிவிடும். அரைகுறையாக முடுக்கினாலும் அதே கதி. ஓட்ட ஓட்ட ஆடி, மரையைத் தேய்த்து எடுத்துவிடும். ஒழுங்காகப் பூட்டிய பெடல் 12 நாளில் கழலாது.

இனி அதில் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். கிராங்கின் ஓட்டை, பெடல் ஆக்சிலில் ஒட்டியுள்ள அலுமினியச் சுருள், ஃபிரேம் எண் மூன்றையும் படம் எடுங்கள். பூட்ட வந்த நாள் தெரியும் குறுஞ்செய்தி, பில் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். போனில் பேசுவதை நிறுத்தி, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-இன் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இடது கிராங்கை மட்டும் மாற்றித் தரும்படி கேளுங்கள். முழு சைக்கிளையும் கேட்டால் இழுத்தடிப்பார்கள். அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டு அவகாசம் உண்டு.

நீங்களே பூட்டியிருந்தால் இந்த வழக்கு நிற்காது. மற்ற வாசகர்கள் இதை மனதில் வைக்கவும். பெட்டியில் வரும் சைக்கிளைக் கைப்பழக்கம் இல்லாமல் பூட்டாதீர்கள். யார் பூட்டினாலும் முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) திரும்பிப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் பிரேக் ஃபோர்க்கின் இடது காலில், பின்பக்கமாக இருந்தால் சரி. முதல் 150 கிலோமீட்டருக்குப் பிறகு கம்பி தளரும். ஒருமுறை பெண்டு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய எம்டிபி ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எதைச் சோதிப்பது? (வாசகர், வாலாஜாபேட்டை)

பதில்: அளவுகோல் ஒன்று கொண்டு போங்கள். செயினில் ஒரு பின்னின் நடுவில் பூஜ்ஜியத்தை வைத்து 24 கண்ணி எண்ணுங்கள். சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அதைவிட ஒரு அங்குலத்தின் 16-இல் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயின் மாற்ற வேண்டும். 8-இல் ஒரு பங்கு என்றால் பின் பல்சக்கரமும் போயிருக்கும், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பிறகு ஹேண்டில் பாருக்குக் கீழே, குறுக்குக் குழாய் சேரும் வெல்டிங்கின் அடிப்பகுதியைத் துடைத்துப் பாருங்கள். அங்கே பெயின்ட் சுருங்கியோ மயிரிழையாக வெடித்தோ இருந்தால் முன்பக்கம் மோதிய சைக்கிள். இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பில்லில் உள்ள ஃபிரேம் எண்ணும், பெடல் அச்சுக்கு அடியில் குத்தியிருக்கும் எண்ணும் ஒன்றா என்பதையும் ஒத்துப்பாருங்கள்.

கேள்வி: ஆற்று மணலிலேயே ஓட்ட ஃபேட் பைக் (மிக அகலமான டயர் சைக்கிள்) வாங்கலாமா? (வாசகர், இராணிப்பேட்டை)

பதில்: 4 அங்குல டயரில் 8 முதல் 10 பிஎஸ்ஐ காற்றோடு ஈர மணலில் ஓடும். காய்ந்த பொடி மணலில் அதுவும் திணறும். தார்ச் சாலையில் மிகவும் கனம், டயரும் ட்யூபும் விலை. வீட்டிலிருந்து ஆறு வரை 10 கிலோமீட்டர் சாலை என்றால் வாங்க வேண்டாம். சாதாரண எம்டிபியிலேயே 2.25 அங்குல டயர் போட்டுக் கரை மேல் ஓட்டுங்கள், மணல் வரும் இடத்தில் இறங்கித் தள்ளுங்கள். மணலில் போய்வந்த நாளில் செயினைத் துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு துளி உலர்வகைச் செயின் எண்ணெய் விட்டு, மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். பைக் என்ஜின் ஆயில் மட்டும் வேண்டாம். மணலைப் பிடித்து வைத்துப் பல்லை அரம்போல் அராவிவிடும்.