அமெரிக்காவில் முதலில் குடியேறியவர்களின் பூர்வீகத்தையும் உறவுகளையும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

தேடும் ஆளின் பெயரில் இருக்கும் ஆவணத் தாள்களை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் பாதி வழியில் நின்றுவிடும். சுற்றியிருந்தவர்களின் தாள்களையும் தேட வேண்டும். ஜான் ஹவ்லண்டின் வம்சத்தைப் படித்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

1620-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு மேஃப்ளவர் கப்பலில் வந்த 102 பயணிகளில் ஹவ்லண்டும் ஒருவர். அவர்கள் அமைத்த பிளிமத் குடியேற்றத்தின் முதல் ஆளுநரான ஜான் கார்வரின் வேலையாளாக வந்தவர். நடுக்கடலில் தவறி விழுந்து, கப்பலிலிருந்து தொங்கிய கயிற்றைப் பற்றிப் பிழைத்தவர். அவர் மனைவி எலிசபெத், ஆளுநர் கார்வரின் மகள் என்றே வாரிசுகள் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தார்கள். ஆளுநரின் மருமகன் என்றால் குடும்பத்துக்குப் பெருமைதானே.

கார்வருக்குப் பின் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்ட் குடியேற்றத்தின் வரலாற்றைக் கைப்பட எழுதி வைத்திருந்தார். பாஸ்டனிலிருந்து காணாமல் போயிருந்த அந்தப் பிரதி, 1855-இல் லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹாம் அரண்மனை நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. அடுத்த ஆண்டே அச்சேறியது. கப்பலில் வந்தவர்களைக் குடும்பவாரியாகச் சொல்லும் பட்டியல் அதில் இருக்கிறது. ஹவ்லண்ட் மணந்தது ஜான் டில்லியின் மகளை, அவர்களுக்கு 10 பிள்ளைகள் என்கிறது அது. டில்லியும் மனைவியும் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். பதின்மூன்று வயதில் தனியாக நின்ற அந்தப் பெண்ணைப் பல தலைமுறைகள் வேறொருவர் மகளாக்கி வைத்திருந்தன என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். அவளுடைய 1607 ஞானஸ்நானப் பதிவு, இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயரின் ஹென்லோ ஊர்த் தேவாலயப் பதிவேட்டில் இருக்கிறது.

சரி, ஹவ்லண்டின் உடன்பிறந்தவர்கள்? அந்தக் குடியேற்றத்தில் ஆர்தர், ஹென்றி என்று இன்னும் இரண்டு ஹவ்லண்டுகள் இருந்தார்கள். மூவரும் சகோதரர்கள் என்பதற்குச் சான்று அமெரிக்காவுக்கே வராத ஒருவரின் உயில். லண்டனில் துணி வணிகராக இருந்த ஹம்ஃப்ரி ஹவ்லண்ட், 1646-இல் எழுதிய உயிலில் மூவரையும் தன் சகோதரர்கள் என்று குறிப்பிட்டுப் பணம் ஒதுக்கியிருந்தார்.

மாடு பங்கிட்ட கணக்கைக்கூட விடக் கூடாது. 1627-இல் பிளிமத் மக்கள் கால்நடைகளைப் பிரித்துக்கொண்டபோது குழுக்குழுவாகப் பெயர்களை எழுதினார்கள். ஹவ்லண்டின் குழுவில் எலிசபெத்தும், ஜான், டிசையர் என்ற இரு பிள்ளைகளும் இருக்கிறார்கள். கார்வர் வீட்டாரோடு கப்பலில் வந்த ஒரு பெண்ணின் பெயரும் டிசையர். அந்த நட்பில்தான் மகளுக்கு இப்பெயர் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

அதனால் நீங்கள் தேடும் ஆளின் நிலப் பத்திரம் கிடைத்தால், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களையும் அக்கம்பக்கத்து நிலக்காரர்களையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தப் பெயர்களெல்லாம் சேர்ந்து எந்த இங்கிலாந்து ஊரின் பதிவேட்டில் வருகின்றன என்று பாருங்கள்.