இரட்டைக் கண்ணாடி போட்டும் ரயில் சத்தம் ஏன்?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு எம்ஆர்டி ரயில் மேம்பாலத்தைப் பார்த்தபடி இருக்கிறது. போன வருடம் படுக்கையறைத் தள்ளுசன்னலை இரட்டைக் கண்ணாடியாக மாற்றினோம்: 6 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவே 12 மி.மீ. இடைவெளி. கீழே பேசுவது இப்போது கேட்பதில்லை. ஆனால் ரயில் போகும்போது வரும் கிறீச்சும் உறுமலும் அப்படியேதான். மூன்றாவது கண்ணாடி சேர்க்கலாமா? - வாசகி, ஈசூன்

பதில்: கண்ணாடிக்கு இன்னொரு முறை காசு கொடுக்குமுன் ஓரங்களைப் பாருங்கள். சன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும், எத்தனை கனமான கண்ணாடி போட்டாலும் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. தள்ளுசன்னலில் இந்தத் தொல்லை கூடவே பிறந்தது. சன்னல் கதவு ஓட இடம் விட்டாக வேண்டுமே.

ஓர் ஊதுபத்தி போதும், கண்டுபிடித்துவிடலாம். ஏர்கானை நிறுத்தி, மற்ற சன்னல்களை மூடி, அறைக்கதவைத் திறந்து வைத்து, காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். பத்தியைச் சன்னல் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை அறைக்குள் சாயும் இடத்தில்தான் சத்தமும் நுழைகிறது. பெரும்பாலும் இரண்டு சன்னல் கதவுகள் சேரும் நடுக்கம்பியிலும் அவை ஓடும் மேல் தண்டவாள மூலைகளிலும் சாயும்.

அங்கே இடைவெளியை அடைக்கும், பிரஷ் போல முடி வைத்த பட்டை வெயிலில் படிந்து போயிருக்கும். ஒரு துண்டை உருவி, அடிப்பட்டையின் அகலத்தை அளந்து, தேயாத இடத்தில் முடியின் உயரத்தையும் பார்த்து வாங்குங்கள். முடி நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தகடு உள்ள வகைதான் காற்றை நன்றாகத் தடுக்கும். உயரம் அதிகமானால் கதவு இறுகி ஓடாது. குறைந்தால் போட்டும் பயனில்லை.

சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள பழைய சிலிக்கனைச் சுரண்டி எடுத்து, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, புளித்த வாடை அடிக்காத நியூட்ரல் வகைச் சிலிக்கனைப் பூசுங்கள். விரிசல் ஆழமாக இருந்தால் முதலில் நுரைக்கயிற்றைத் திணித்து அதன்மேல் பூசவேண்டும். எல்லாம் உள்பக்கம் நின்றே. வெளியே எட்டிப் பூச முயலாதீர்கள். கீழ்த் தண்டவாளத்தில் தெரியும் சிறு ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். அவை மழைநீர் வடிகால். அடைத்தால் டிசம்பர் மழையில் தண்ணீர் கட்டிலுக்கே வரும்.

இனி கண்ணாடி. இரண்டும் ஒரே கனம் என்பதுதான் இங்கே தப்பு. 6 மி.மீ. கண்ணாடி 2,000 ஹெர்ட்ஸ் அருகே, அதாவது கூர்மையான ஒலிக்கு, இணங்கி அதிரும். இரண்டும் அதே இடத்தில் இணங்கினால் கிறீச்சுக்கு வழி கிடைக்கிறது. மேலும், 12 மி.மீ. இடைவெளிக் காற்று ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து 200 ஹெர்ட்ஸ் அருகே, அதாவது தாழ்ந்த ஒலியில், இரண்டையும் சேர்த்து ஆட்டுகிறது. உறுமல் உள்ளே வருவது அப்படித்தான். அதே சட்டத்தில் மூன்றாவது கண்ணாடியைச் செருகினால் இடைவெளிகள் இன்னும் குறுகும். போட்ட காசு வீண்.

ஒரு பக்கத்தை 8.76 மி.மீ. ஒலித்தடுப்பு லேமினேட்டட் கண்ணாடியாக (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரு தகடுகள்) மாற்றுவது முதல் வழி. சதுர மீட்டருக்குச் சுமார் 6 கிலோ கூடும். உருளைகள் தாங்குமா, சட்டத்தின் பள்ளத்தில் அந்தக் கனம் உட்காருமா என்று முதலில் கேளுங்கள். உறுமலுக்குச் சரியான வழி, உள்பக்கம் 100 மி.மீ. தள்ளி இன்னொரு சன்னல் வைப்பது. இடைவெளி அந்த அளவானால் அதிர்வு 70 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். கிரில் இருந்தால் அதற்கும் உள்ளே வரவேண்டும். துடைக்கத் திறக்கவும் முடியவேண்டும். எந்த வேலையானாலும் கட்டட, கட்டுமான ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற சன்னல் குத்தகையாளரிடமே கொடுங்கள்.

ஆர்கான் வாயு நிரப்பினால் சத்தம் நிற்கும் என்பார்கள். அது வெப்பத்துக்கு. கனத்த திரைச்சீலை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், ரயிலை நிறுத்தாது. கேஸ் அடுப்புள்ள சமையலறைச் சன்னலை மட்டும் இப்படி இறுக்கி அடைக்க வேண்டாம்.

கேள்வி: இரட்டைக் கண்ணாடிக்குள் பனி படிகிறது. துடைக்க முடியவில்லை. - வாசகர், தெம்பனிஸ்

பதில்: ஓர ஒட்டு விட்டுப்போய் ஈரம் புகுந்திருக்கிறது, உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகளும் நிறைந்துவிட்டன. துளை போட்டு உலர்த்துவதில் பலன் நீடிக்காது. சட்டம் நன்றாக இருந்தால் கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றலாம். வெளிப்பக்கம் படிந்தால் ஏர்கான் குளிர் காரணம். பழுது இல்லை, துடைத்தால் போய்விடும்.